படலையைத் திறக்கும் கம்பிச் சுருள்

வன்னியிலே ஒரு கிராமத்து வீட்டை மனக்கண் முன்னே கொண்டுவாருங்கள். கிடுகு வேலி, வேலியின் நடுவே ஒரு படலை, படலைக்கு அப்பால் கூட்டிப் பெருக்கிய முற்றம். வெளியே ஒரு சைக்கிள் மணி ஒலிக்கிறது. முற்றத்து நாய் குரைக்கிறது. அடுக்களையிலிருந்து, "ஆரது படலையிலை?" என்று ஒரு குரல் எழுகிறது. வந்தவர் தம் பெயரைச் சொல்கிறார். அதன் பின்னரே படலை திறக்கிறது.

நேயர்களே, நாள்தோறும் நிகழும் இந்தச் சிறு நிகழ்ச்சியில் மூன்று செயல்கள் அடங்கியிருக்கின்றன. ஒருவர் வந்திருக்கிறார் என்று அறிவது முதலாவது. வந்தவர் யார் என்று தெளிவது இரண்டாவது. படலையைத் திறப்பது மூன்றாவது. இன்று களஞ்சியங்கள், வைத்தியசாலைகள், தொழிற்சாலைகள் ஆகியவற்றின் முகப்பிலே தாமாகத் திறந்து தாமாக மூடும் வாயில்களைக் காண்கிறோம். அவற்றிலே திறக்கும் வேலையை ஒரு மின்மோட்டார் செய்கிறது. யார் என்று தெளியும் வேலையை ஓர் அட்டையோ காவலாளியோ செய்யலாம். ஆனால், வண்டி ஒன்று வந்து நிற்கிறது என்று முதன்முதலில் அறிகின்ற அந்த நாயின் வேலையைச் செய்வது எது? பெரும்பாலும், வீதியின் தளத்திலே ஓர் அங்குலம் இரண்டு அங்குல ஆழத்தில் புதைந்து கிடக்கும் சாதாரணக் கம்பிச் சுருளே அதைச் செய்கிறது.

அந்தச் சுருள் எப்படிப் பிறந்தது, எதைக் காண்கிறது, எதைக் காணாது, பிழைத்தால் எங்கே தேடவேண்டும் என்பவற்றையே இன்று பேச எண்ணுகிறேன். இது வெறும் பொறிமுறைக் கதையன்று. வன்னி மண்ணுக்கும் கம்பிச் சுருளுக்கும் கடந்த சில பத்தாண்டுகளில் ஏற்பட்ட உறவு, உயிரோடு சம்பந்தப்பட்டது.

நீங்கள் கேட்கும் வானொலிப் பெட்டியிலிருந்தே தொடங்கலாம். பழைய மத்திய அலைப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள், அதனுள்ளே கரிய கோலொன்றின் மேல் மெல்லிய கம்பி சுற்றப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். குமிழைத் திருப்பும்போது அந்தச் சுருள் ஒரு குறித்த அலைக்கு இசைந்து நிற்கிறது. பெட்டியின் அருகே பெரியதோர் இரும்புப் பாத்திரத்தைக் கொண்டுபோனால் நிலையம் சற்றே நழுவுவதும் உண்டு. சுருளொன்றின் அருகே உலோகம் வந்தால் சுருளின் இசைவு மாறுகிறது. இந்த ஒரே உண்மையின் மேலேதான் நாம் பேசப்போகும் முழுக் கட்டிடமும் எழுந்திருக்கிறது.

இதற்கு அத்திவாரம் இட்டவர் ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் பரடே. மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியிலே மின்னோட்டத்தைத் தூண்டும் என்பதை அவர் 1831ஆம் ஆண்டில் நிறுவினார். கம்பியிலே தூண்டுவது போலவே, அருகில் இருக்கும் எந்த உலோகத் தகட்டிலும் அது சுழன்றோடும் சிறு மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவை தம்மைப் பிறப்பித்த புலத்தையே எதிர்த்து நிற்கின்றன. அந்த எதிர்ப்பை அளக்க முடிந்தால், கண்ணுக்குத் தெரியாத உலோகத்தைக் கண்டுபிடிக்க முடியும் அல்லவா?

அப்படிக் கண்டுபிடிக்க முயன்றவர்களுள் முதன்மையானவர், தொலைபேசிக்குப் பெயர்பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல். 1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆந் திகதி அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்ட் வாஷிங்டன் புகையிரத நிலையத்திலே சுடப்பட்டார். ஒரு குண்டு உடலினுள்ளே தங்கிவிட்டது. அது எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களால் கூற இயலவில்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட அக்காலத்திலிருந்து இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன. பெல் இரவுபகலாக உழைத்து, சுருள்களும் தொலைபேசிக் காதுக்குழலும் கொண்ட ஒரு கருவியைச் செய்தார். பரீட்சைகளில் அது செம்மையாக வேலை செய்தது. ஆனால் ஜனாதிபதியின் கட்டிலருகே கொண்டுசென்றபோது தெளிவற்ற ஓசையையே எழுப்பியது.

கருவி பழுதா? இல்லை. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தையினுள்ளே உருக்குச் சுருள்வில்கள் இருந்தன. மெத்தையிலே உருக்குக் கம்பி வைப்பது அன்று புதிய வழக்கம். அதனை எவரும் எண்ணிப்பார்க்கவில்லை. மேலும், குண்டு வலப்பக்கத்திலேயே இருக்கும் என்று தலைமை மருத்துவர் உறுதியாக நம்பியதால் அப்பக்கமே தேடப்பட்டது. குண்டோ இடப்பக்கத்தில் இருந்தது. செப்டெம்பர் 19ஆந் திகதி கார்பீல்ட் காலமானார்.

நேயர்களே, இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கருவி உள்ளதை உள்ளபடியே சொன்னது. தன்னைச் சூழ இருந்த உருக்கு முழுவதையும் கேட்டு, அதனை ஓசையாக்கித் தந்தது. சூழ என்ன இருக்கிறது என்று அறியாதிருந்தது மனிதர்களே. சுருள் பிழைக்கும்போது முதலில் பார்க்கவேண்டியது சுருளையன்று, சுருளைச் சூழ்ந்த நிலத்தையும் நமது எண்ணத்தையுமே என்ற பாடம் 1881ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது.

இதே சுருள் இரண்டாம் உலக மகாயுத்தத்திலே போர்க்களம் புகுந்தது. ஸ்கொட்லாந்திலே தங்கியிருந்த போலந்து நாட்டுப் படை அதிகாரி யோசெப் கொசாட்ஸ்கி, ஒருவர் கையிலே தூக்கிச் செல்லக்கூடிய கண்ணிவெடி காட்டும் கருவியை 1941ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். 1942ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவின் எல் அலமெயின் போரிலே ஏறத்தாழ 500 கருவிகள் பயன்பட்டன. மணலைக் குத்திக் குத்தித் தேடிய படைவீரர்கள், சுருளைத் தரைக்கு மேலே வீசிக்கொண்டே நடக்கலாயினர். அவர் தமது கண்டுபிடிப்புக்கு உரிமை பெற்றுப் பணம் தேடவில்லை. பிரித்தானியப் படைக்கு இலவசமாகவே அளித்தார்.

வீதிக்கு இச்சுருள் வந்தது சற்றுப் பிந்தியே. வந்திருக்கும் வண்டியைத் தெரிந்துகொண்டு விளக்கை மாற்றும் சமிக்ஞைகள் அமெரிக்காவிலே 1928ஆம் ஆண்டளவில் தோன்றின. பால்ற்றிமோர் நகரத்திலே, வண்டிக்காரர் ஹோர்ன் அடித்தால் ஒலிவாங்கி அதனைக் கேட்டு விளக்கை மாற்றும் ஏற்பாடு செய்யப்பட்டது. அயலில் குடியிருந்தோர் இதனை எவ்வளவு விரும்பியிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்! அதே காலத்தில், சக்கரம் ஏறினால் அழுந்தும் உலோகத் தட்டுகளும் வீதியிலே பதிக்கப்பட்டன. மண்ணும் நீரும் புகுந்து அவை தேய்ந்தன. அசையும் உறுப்பே இல்லாத கம்பிச் சுருள் 1960களிலே அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் பின்னர் தானியங்கி வாயில்களுக்கும் அதுவே காவலாயிற்று.

அது வேலை செய்யும் விதம் எளியது. வீதியின் தளத்தைச் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ மெல்லிய கீறலாக அறுத்து, அதனுள்ளே காவலிடப்பட்ட கம்பியை மூன்று நான்கு முறை சுற்றி இட்டு, மேலே தாரோ பிசினோ ஊற்றி மூடுகிறார்கள். கம்பியின் இரு முனைகளும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு வாயிலருகே உள்ள பெட்டிக்குச் செல்கின்றன. பெட்டி அச்சுருளினூடாக வினாடிக்கு 20,000 முதல் 150,000 முறை வரை திசை மாறும் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. இந்த எண்ணிக்கையையே மீடிறன் என்கிறோம். சங்கீதம் அறிந்தவர்கள் இதனைச் சுருதி என்று எண்ணிக்கொள்ளலாம். வண்டி சுருளின் மேலே வந்ததும் அதன் உலோக அடித்தளத்தில் சுழலோட்டங்கள் எழுகின்றன. சுருளின் தூண்டுதிறன் குறைகிறது. சுருதி சிறிது ஏறுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறினாலும் பெட்டி அதைக் கேட்டுவிடும். கேட்டதும் வாயிலுக்குக் கட்டளை பிறக்கிறது. வண்டியின் பாரம் இங்கே கணக்கில் இல்லை. பத்து அந்தர் நெல் ஏற்றியிருந்தாலும் வெறுமையாக வந்தாலும் சுருளுக்கு ஒன்றே. அது அறிவது உலோகப் பரப்பை மட்டுமே.

இனி வன்னிக்கு வருவோம். இப்பகுதி மக்கள் முதலிற் கண்ட பெரிய பொறிவாயில்கள் புகையிரதக் கடவைகளே. வடபகுதிப் புகையிரதப் பாதை 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை முழுமையாகத் திறக்கப்பட்டது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி ஆகிய ஊர்கள் அப்பாதையிலே வளர்ந்தன. 1956ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. கடவையிலே மனிதர் ஒருவர் நின்றார். மணியோசை வந்ததும் வாயிலை மூடினார். வண்டி போனதும் திறந்தார். வருவது புகையிரதம் என்பதை அவரது காதும் கண்ணும் அறிந்தன.

மனிதக் கண்ணுக்குத் துணையாக மின்சாரத்தைக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் வில்லியம் ரொபின்சன். 1872ஆம் ஆண்டில் அவர் அமைத்த முறையிலே, தண்டவாளங்கள் இரண்டினூடாகவும் மெல்லிய மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். புகையிரதத்தின் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்தவுடன், மின்னோட்டம் குறுக்கு வழியே திரும்பிவிடும். மறுமுனையிலுள்ள காந்தம் விழுந்து, சமிக்ஞை சிவப்பாகும். இதிலே ஓர் அரிய நுட்பம் உண்டு. கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும், தண்டவாளமே முறிந்தாலும் காந்தம் விழுந்துவிடும். அதாவது, பழுது நேரும்போது அது ஆபத்து என்றே அறிவிக்கும். அபயம் என்று பொய் சொல்லாது. காவற்பொறி ஒன்றைச் செய்ய நினைப்பவர் எவரும் முதலிற் கற்கவேண்டிய தருமம் இதுவே. இன்றைய பாதைகள் பலவற்றிலே, தண்டவாளத்தின் பக்கத்திற் பொருத்தப்பட்ட சுருள்கள் கடந்துபோகும் சக்கரங்களை எண்ணுகின்றன. அங்கும் நமது கம்பிச் சுருளே!

ஆனால் வன்னியில் அந்தச் சக்கரங்கள் நெடுங்காலம் ஓடவில்லை. 1985ஆம் ஆண்டு ஜனவரியில் முறிகண்டிக்கு அருகே யாழ்தேவி குண்டுவெடிப்பிற் சிக்கியது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் வவுனியாவுக்கு வடக்கே போக்குவரத்து முற்றாக நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பாதை கிடந்த மேட்டிலே பற்றை வளர்ந்தது. 2009ஆம் ஆண்டு மே மாதம் முல்லைத்தீவுக் கரையிலே யுத்தம் முடிந்தபோது, கிளிநொச்சியிலே பிறந்து வளர்ந்த பதினெட்டு வயது இளைஞன் ஒருவன், தன் ஊரிலே ஒரு புகையிரதத்தையும் கண்டிருக்க மாட்டான்.

மீண்டும் பாதை இடுவதற்கு முன்னே நிலத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. இங்கேதான் பெல்லின் சுருளும் கொசாட்ஸ்கியின் சுருளும் வன்னி மண்ணிலே இறங்கின. பாதையோரத்திலும், வயல்களிலும், வீட்டு வளவுகளிலும் கண்ணிவெடி அகற்றுவோர் முழங்காலில் நின்று சுருளை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். அவர்களிலே பெருந்தொகையினர் இவ்வூர்ப் பெண்கள். குடும்பத்தின் உழைப்பாளியை யுத்தத்தில் இழந்து, அதே யுத்தம் புதைத்துவிட்டுப் போனதைத் தோண்டியெடுக்கும் தொழிலுக்கு வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அவர்களது சுருள் இரண்டு வகையிலே ஏமாற்றியது. ஷெல் துண்டுகளும் ரவைக் கோதுகளும் எங்கும் சிதறிக் கிடந்தமையால், ஆபத்தில்லாத இடத்திலும் ஓயாது ஒலித்தது. மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்யப்பட்டு, உலோகம் ஊசியளவே உள்ள கண்ணிகளின் மேலே மௌனமாக இருந்துவிடவும் கூடும். ஆகையால் பல இடங்களிலே கருவியை மட்டும் நம்பாது, பல்லுடைய வாரியினால் மண்ணை மெல்ல மெல்ல வாரியே நிலத்தைத் துப்புரவாக்கினார்கள். ஒலிப்பதெல்லாம் ஆபத்தன்று, ஒலியாததெல்லாம் அபயமுமன்று. இதை நூலிற் படித்தறிந்தவர் பலர். முழங்காலில் நின்று அறிந்தவர்கள் அப்பெண்கள்.

இந்திய அரசின் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையின் பெரும்பகுதியை மீள அமைத்தது. 2011ஆம் ஆண்டு ஓமந்தை வரையும், 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி கிளிநொச்சி வரையும், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் யாழ்ப்பாணம் வரையும் புகையிரதம் வந்தது. மக்கள் நிலையங்களிலே திரண்டு வரவேற்றார்கள். ஆனால் 23 ஆண்டுகளாகக் குறுக்கே நடந்தும் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் போய்ப் பழகிய ஒழுங்கைகள், ஒரே நாளிலே கடவைகளாகிவிட்டன. அவற்றுட் பலவற்றுக்கு வாயில் இல்லை. புதிய புகையிரதமோ பழையதைவிட வேகமானது. பாதுகாப்பற்ற கடவைகளிலே நேர்ந்த உயிரிழப்புகள் வன்னி மக்கள் மறக்கக்கூடியவை அல்ல. இத்தகைய கடவைகள் பலவற்றிலே, பொலிஸாரின் மேற்பார்வையில், நாளொன்றுக்கு 250 ரூபா கொடுப்பனவுடன் காப்பாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஓலைக் கொட்டிலின் நிழலிலே அமர்ந்து, கையாலே தடியை இறக்கி ஏற்றிய அவர்கள், நிரந்தர நியமனம் கேட்டுப் பலமுறை குரல் எழுப்பினார்கள். ஏனைய இடங்களில் மணியும் விளக்கும் பொருத்தப்பட்டன. அப்படியானால் மனிதனுக்குப் பதிலாகப் பொறியை முற்றாக நம்பிவிடலாமா? இக்கேள்விக்கு விடை காண, பொறி எவ்வாறு பிழைக்கிறது என்பதை அறியவேண்டும்.

கடவையை விட்டு, மீண்டும் தானியங்கி வாயிலுக்கு வாருங்கள். வவுனியாவிலே ஒரு நெற்களஞ்சியத்தின் வாயில் என்று வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலிலே செவ்வையாக வேலை செய்தது. ஐப்பசி மாரி தொடங்கியதும், வண்டி இல்லாதபோதே திறந்தது. சிலவேளை திறந்தபடியே நின்றது. மழை விட்டதும் குணமாயிற்று. பலர் உடனே பெட்டியை மாற்றுவார்கள். புதுப் பெட்டிக்குப் பணம் கொடுத்த பின்னரும் அடுத்த மழைக்கு அதே நோய்!

பெட்டியைத் தொடுமுன் நிலத்தைப் பாருங்கள். கம்பி புதைத்த கீறலின் மேலுள்ள தார் வெடித்திருக்கிறதா? பாரவண்டிகள் ஏறித் தளம் அசைந்திருக்கிறதா? கம்பியின் காவலுறை ஓரிடத்திலே உரிந்திருந்தால், உலர்ந்த மண்ணிலே அது தெரியாது. நீர் புகுந்ததும் மின்னோட்டம் மண்ணுக்குக் கசியும். அதனால்தான் இந்நோய் மாரியிலே வந்து கோடையிலே மறைகிறது. அளந்து பார்ப்பதும் எளிது. சுருளின் இரு முனைகளையும் பெட்டியிலிருந்து முதலிற் கழற்றிவிட வேண்டும். முனைக்கு முனை தடையை அளந்தால் சில ஓம் மட்டுமே காட்டவேண்டும். அளவு எல்லையின்றி ஏறினால் கம்பி அறுந்திருக்கிறது. ஏறியும் இறங்கியும் ஆடினால் எங்கோ ஓர் இணைப்புத் தளர்ந்திருக்கிறது. பின்னர், மெகர் என்னும் கருவியாலே கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள காவலை அளக்கவேண்டும். நூறு மெகா ஓமுக்கு மேல் இருந்தால் நலம். பத்துக்குக் கீழே விழுந்தால் கம்பி நீரோடு உறவாடுகிறது என்று பொருள். பெட்டியைக் கழற்றாமல் மெகரைச் சுழற்றினால் பெட்டி எரிந்துபோகும் என்பதையும் மறவாதீர்கள். காவல் கெட்ட சுருளைக் குணப்படுத்த முடியாது. புதிதாக வெட்டி இடுவதே வழி.

சுருள் நலமாக இருந்தும் வாயில் பிழைத்தால், கார்பீல்டின் மெத்தையை நினையுங்கள். சூழ என்ன உலோகம் இருக்கிறது? கொங்கிறீற்றின் உள்ளே இரும்புக் கம்பிவலை சுருளுக்கு மிக அருகே கிடந்தால், அது புலத்தை எப்போதும் விழுங்கிக்கொண்டே இருக்கும். வண்டி வந்தாலும் சுருள் மந்தமாகவே உணரும். இரும்பு வாயிலே நகரும்போது சுருளுக்கு அருகே வந்தால், வாயில் தன்னையே வண்டியென்று எண்ணி மீண்டும் திறக்கும். அதனால் இரண்டுக்கும் இடையே ஒரு மீற்றராவது விடுவது வழக்கம். உள்வழிக்கும் வெளிவழிக்கும் அடுத்தடுத்து இரண்டு சுருள்கள் இருந்து, இரண்டும் ஒரே சுருதியிலே பாடினால், ஒன்று மற்றொன்றின் குரலைக் கேட்டு மயங்கும். ஒன்றின் மீடிறனை மாற்றி வைத்தால் தீரும். பெட்டிக்குப் போகும் இரு கம்பிகளும் முறுக்கப்படாது தனித்தனியே ஓடினால், வழியிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும்.

இன்னொரு நோய் வினோதமானது. பெட்டிக்கு மின்சாரம் வந்தவுடன், அது அப்போதைய சுருதியை அளந்து, வெறும் வீதி என்பது இதுவே என்று மனத்திற் கொள்கிறது. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. அத்தகைய வேளையிலே வண்டி ஒன்று சுருளின் மேலே நின்றிருக்க, மின்சாரம் திரும்பினால் என்னாகும்? வண்டி நிற்கும் வீதியையே வெறும் வீதியென்று பெட்டி கற்றுக்கொள்ளும். நிற்கும் வண்டி அதற்குத் தெரியாது. வாயில் அதன் மேல் மூடவும் கூடும். ஆகவே பெட்டியை மீளத் தொடக்குமுன் வீதியை வெறுமையாக்க வேண்டும். தவறாகக் கற்ற பாடத்தைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளப் பொறிக்கு எளிதில் இயலாது.

வன்னிக்கே உரிய சில சங்கடங்களும் உண்டு. சுருளின் பார்வை மேல்நோக்கி வெகுதூரம் செல்லாது. அதன் குறுகிய பக்கத்தின் அரைப்பங்கு, மிஞ்சினால் மூன்றில் இரு பங்கு உயரமே. உழவு இயந்திரமும் அதன் பின்னே நீண்ட பெட்டியும் வருகின்றன. இயந்திரம் கடந்ததும், உயர்ந்து நிற்கும் பெட்டியின் நடுப்பகுதி சுருளுக்குத் தெரியாமற் போகும். வண்டி போய்விட்டது என்று தடி இறங்கும். நெல் மூட்டைமேல் இருப்பவரின் தலை என்னாவது? அகலமான சுருள் இடுவதும், ஒன்றுக்கு இரண்டாக இடுவதும், ஒளிக்கதிர்க் காவல் ஒன்றைத் துணை சேர்ப்பதும் இதற்கு மருந்து. சைக்கிளிலே வருபவர் சுருளின் நடுவிலே நின்றால் பெரும்பாலும் தெரியமாட்டார். கீறலின் மேலேயே சக்கரத்தை நிறுத்தினால் தெரிவார்.

நடந்து வருபவர்? அவர் ஒருபோதும் தெரியமாட்டார். தலையிலே விறகு சுமந்து வரும் தாயும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும், வீதியிலே படுத்து அசைபோடும் மாடும் சுருளுக்கு வெறும் காற்றே. வன்னிக் காட்டின் அரசனாகிய யானைகூட அதன் மேலே நின்றால், நாலாயிரம் கிலோ உயிரும் அதற்கு ஒன்றுமில்லை. 2016ஆம் ஆண்டில் செட்டிகுளத்துக்கு அருகே புகையிரதம் மோதி யானைகள் மாண்டன. தண்டவாளத்தில் ஓடும் மின்னோட்டம் சக்கரத்தை அறியும்; யானையை அறியாது.

ஆகவே, நாம் முன்னர் எழுப்பிய கேள்விக்கு விடை தெளிவாகிறது. பொறி தனக்குக் கற்பிக்கப்பட்டதை மட்டுமே காண்கிறது. அதை மனிதனைவிட நுட்பமாக, உறங்காமல், சலிக்காமல் காண்கிறது. கற்பிக்கப்படாத எதையும் காண்பதில்லை. ஆதலால் பொறியை அமைப்பவர், இது எதைக் காணும் என்று கேட்பதோடு நில்லாது, எதைக் காணாது என்றும், காணாதபோது எந்தப் பக்கம் சாயும் என்றும் கேட்கவேண்டும். சுருள் அறுந்தால் தடி உயர்ந்தே நிற்க வேண்டும் என்று வைப்பதும், அறிவிப்பின்றி மூடக்கூடாது என்று வைப்பதும் அமைப்பவர் கையில் உள்ளவை. கடவையில் மணி ஒலிக்கவில்லை, விளக்கு எரியவில்லை என்றால், அது புகையிரதம் வரவில்லை என்ற உறுதிமொழியன்று. பொறி மௌனமாக இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். கண்ணிவெடி அகற்றிய பெண்கள் மௌனத்தை நம்பவில்லை. நாமும் நம்பலாகாது.

அந்தப் 250 ரூபாக் காப்பாளர்களை எண்ணும்போதும் இதுவே தோன்றுகிறது. கடவைக்குக் கடவை பொறி வருவது நல்லதே. வந்த பின்னரும், தார் வெடித்ததைப் பார்க்கவும், மணி ஒலிக்காததைக் கேட்கவும், மாட்டையும் பிள்ளையையும் கண்டு கையைத் தூக்கி நிறுத்தவும் ஒரு மனிதர் வேண்டும். அவ்வாறு பார்க்கும் கண்ணுக்கு உரிய கூலி கொடுப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

கண்டி வீதியிலே போகின்றவர்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலைக் கடந்து போவதில்லை. எத்துணை அவசரமானாலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, ஒரு சுருள் கச்சானும் வாங்கிக்கொண்டே புறப்படுகிறார்கள். அங்கே தடியும் இல்லை, மணியும் இல்லை, மண்ணுக்குள்ளே கம்பியும் இல்லை. வழிவழியாக வந்த பழக்கம் ஒன்றே நிறுத்துகிறது. அந்தப் பழக்கத்திலே ஒரு சிறு பங்கை, அயலிலே கிடக்கும் புகையிரதக் கடவைக்கும் கொடுத்தால் என்ன? வண்டியை நிறுத்தி, இருபுறமும் பார்த்து, காதுகொடுத்துக் கேட்டு, அதன் பின்னர் போவோம். "ஆரது படலையிலை?" என்று ஒவ்வொரு கடவையிலும் நாமே ஒரு முறை கேட்டுக்கொள்வோம்.